உள்ளங்கையில் விழுந்த வாசனைத் தண்ணீர்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு சனிக்கிழமை காலையில் மேலப்பாளையத்தில் நடந்தது இது. அப்போது நான் திருநெல்வேலி டவுனில் ஒரு பெண்கள் பள்ளியில் தற்காலிக ஓவிய ஆசிரியை. என் வேலையை நிரந்தரமாக்கச் சொல்லித் தலைமையாசிரியை ஒரு கடிதம் எழுத வேண்டும். எழுதுவாரா மாட்டாரா என்று இரண்டு வருஷமாக அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் மேலப்பாளையத்து வீடு ஒன்றைப் பற்றிக் கேள்விப்பட்டேன். வீட்டுக்காரர் துருக்கியில் பல வருஷம் வேலை பார்த்தவர். அங்கேயே ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்து ஊருக்குக் கூட்டிவந்திருந்தார். அந்த அம்மா தன் நாட்டிலிருந்து கொண்டுவந்த சித்திர ஓடுகள், விரிப்புகள், தோல்பாவைகள், எழுத்தோவியங்கள் எல்லாவற்றையும் வீட்டின் முன்பக்கத்து மூன்று அறைகளில் அழகாக அடுக்கி, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்று கதவைத் திறந்து விட்டிருந்தார்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிப்போக அனுமதி கேட்டேன். முன்பின் தெரியாத வீட்டுக்கு எப்படி அனுப்புவது என்று தலைமையாசிரியை தயங்கினார். நான் விடாமல் நச்சரித்தேன். கடைசியில், "நானும் வாரேன். ஏதாவது ஏடாகூடமா ஆச்சுன்னா, அப்புறம் எங்கிட்ட எதையும் கேட்டு வரக்கூடாது" என்றார். எதையும் என்றால் எதை என்று எனக்கா தெரியாது?

டவுன் பஸ்ஸில் போய் இறங்கினோம். தெரு முழுக்கத் தறிச் சத்தம். அந்த அம்மா வாசலிலேயே நின்றிருந்தார். தலையில் பூப்போட்ட துணி, வாய் நிறையச் சிரிப்பு. "வாங்க, உள்ள வாங்க. இந்த வெயில்ல வாறியளே" என்று, மாமியாரிடம் கற்ற அசல் திருநெல்வேலித் தமிழில் அவர் பேசியதைக் கேட்டுப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அவர் கையில் ஒரு கண்ணாடிப் புட்டி. கையை நீட்டச் சொன்னார். வரிசையில் முதல் ஆள் நான். நீட்டினேன். எலுமிச்சை வாசனையோடு ஏதோ ஜில்லென்று உள்ளங்கையில் விழுந்தது.

நான் கோயிலைச் சுற்றியே வளர்ந்தவள். குழித்த உள்ளங்கையில் ஒன்று விழுந்தால் எனக்கு அது தீர்த்தம்தான். மூளையைக் கேட்காமலே கை வாய்க்குப் போய்விடும். போனது. உறிஞ்சிவிட்டு மிச்சத்தைத் தலையிலும் தடவிக்கொண்டேன். தொண்டை எரிந்தது பாருங்கள், அப்படி ஓர் எரிச்சல். அத்தனை பேர் முன்னால் துப்பவா முடியும்? விழுங்கித் தொலைத்தேன். இருமலை அடக்கிக்கொண்டு நான் திரும்புவதற்குள் அந்த அம்மா மளமளவென்று அடுத்தடுத்த கைகளில் ஊற்றிக்கொண்டே போய்விட்டார். டீச்சர் செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்று ஏழெட்டுப் பிள்ளைகளும் அதேபோல உறிஞ்சிவிட்டார்கள். ஒரே இருமல். ஒருத்தி அழவே ஆரம்பித்துவிட்டாள்.

அது குடிக்கிற பொருளே இல்லை, செண்ட் மாதிரி பூசிக்கொள்கிற வாசனைத் தண்ணீர். தலைமையாசிரியை கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். யார் இதைக் குடிக்கச் சொன்னது என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

வேலை போயிற்று என்று நினைத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கொஞ்சமும் வாய் கூசாமல் பொய் சொன்னேன்.

"இவங்கதான் குடிக்கச் சொன்னாங்க, டீச்சர்."

அந்த அம்மா என்னை ஒரு தரம் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் உள்ளே ஓடித் தண்ணீரும் சர்க்கரைக் கட்டிகளும் கொண்டுவந்து பிள்ளைகளை வாய் கொப்பளிக்க வைத்தார். அழுத பிள்ளையின் முதுகைத் தடவிக்கொடுத்தார். பிறகு தலைமையாசிரியையிடம் வந்தார்.

"தப்பு எம்மேலதான் டீச்சர். எங்க ஊர்ல வீட்டுக்கு வாறவிய கையில இதை ஊத்துவோம், தேச்சுக்கிடுவாவ. நான்லா வாய் தவறிக் குடிக்கச் சொல்லிட்டேன். இவியள ஒண்ணும் சொல்லாதிய."

அதோடு விடவில்லை. கல்யாணமாகி வந்த புதிதில் கிருஷ்ணாபுரம் கோயிலுக்குச் சிற்பம் பார்க்கப் போனாராம். அங்கே பட்டர் கையில் தீர்த்தம் விட்டதும், அட, இங்கேயும் நம் ஊர்போல வாசனைத் தண்ணீர் ஊற்றி வரவேற்கிறார்களே என்று பூரித்துப்போய், இரண்டு கையிலும் கழுத்திலும் நன்றாகத் தேய்த்துக்கொண்டாராம். பட்டர் சிரிக்காமல் மறுபடியும் விட்டு, குடிப்பதுபோலச் சைகை காட்டினாராம். இதைச் சொல்லிவிட்டு அவரே விழுந்து விழுந்து சிரித்தார். அதுவரை விறைத்து நின்ற தலைமையாசிரியைக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தனக்கும் கொஞ்சம் விடச் சொல்லிக் கையை நீட்டினார்.

அப்புறம் மூன்று மணி நேரம் அங்கே இருந்தோம். ஒரு தட்டில் தண்ணீர் விட்டு, அதன்மேல் சாயம் சொட்டி, ஊசியால் இழுத்து இழுத்துப் பூவாக்கினார் அந்த அம்மா. மேலே ஒரு தாளைப் படுக்க வைத்து எடுத்தால் பூ அப்படியே தாளில் ஏறியிருந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தாள் கிடைத்தது. சுவரில் இருந்த ஓடுகளின் நீலத்தை அதற்குப் பிறகு எந்தச் சாயப் பெட்டியிலும் நான் பார்த்ததில்லை. இடுப்பு ஒடுங்கிய குட்டிக் கண்ணாடித் தம்ளரில் பாலில்லாத டீ கொடுத்தார். தலைமையாசிரியை இரண்டு தம்ளர் குடித்தார். அந்த மூன்று அறைகளுக்குள் இன்னொரு தரம் போய் நின்றுவிட மாட்டோமா என்று இப்போதும் மனசு அடித்துக்கொள்கிறது.

புறப்படும்போது மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். தலைமையாசிரியை பக்கத்திலேயே நின்றார். கேட்டால் பொய் வெளியாகிவிடுமே. போய் வருகிறோம் என்று மட்டும் சொன்னேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, பிள்ளைகளை இன்னொரு நாளும் கூட்டி வரச் சொன்னார்.

தலைமையாசிரியை கடிதம் எழுதினார், சில மாதங்களில் வேலையும் நிரந்தரமாயிற்று. ஆர்டர் கைக்கு வந்த பிறகுதான் மேலப்பாளையத்துக்கு ஓடினேன். அதுவரை காத்திருந்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வீடு பூட்டிக் கிடந்தது. புருஷனும் பெண்டாட்டியும் துருக்கிக்கே திரும்பிப் போய்விட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

நான் ஓய்வு பெற்ற அன்று கழுத்தில் மாலை போட்டு, பொய் பேசாத டீச்சர் என்று மேடையில் புகழ்ந்தார்கள். அந்த வேலையே, முன்பின் தெரியாத ஒரு பெண் எனக்காக ஏற்றுக்கொண்ட பழியில் கிடைத்தது என்பதை இன்றுதான் முதல்முறையாக வெளியே சொல்கிறேன்.