ஒடாஹுஹுவில் ஓர் இடக்கைச் சாப்பாடு

இந்த நாட்டில் ஆட்கள் நடந்துகொண்டே சாப்பிடுவார்கள். ரானுயி ரயில் நிலையத்தில் காலையில் நின்று பாருங்கள். வலது கையில் போன், இடது கையில் கடுதாசிப் பையிலிருந்து எட்டிப்பார்க்கும் சொசேஜ் ரோல். எந்தக் கையால் சாப்பிடுகிறார் என்று ஒருவரும் கவனிப்பதில்லை. நான் கவனிப்பேன். வந்து பதினாறு வருடமாகியும் என் கண் முதலில் அந்தக் கையைத்தான் தேடும். மன்னாரில் வளர்ந்த கண், அதற்கு விசா மாற்றிக் கொடுக்க முடியவில்லை.

போன வருடம் என் கணவர் அந்தோனிக்குப் பாரிசவாதம் வந்தது. ஹென்டர்சனில் கார் திருத்தும் பட்டறையில் நட்டும் போல்ட்டும் முடுக்கிய வலது கை விழுந்துவிட்டது. நடை திரும்பியது, பேச்சு திரும்பியது, கோபம் இரட்டிப்பாகத் திரும்பியது. கை மட்டும் வரவில்லை. பாலன் பிறந்த நத்தார் விருந்தில் அவர் இடது கையால் ரொட்டியைப் பிய்த்தபோது, எங்கள் ஆள் ஒருவர், கெட்ட மனிதர் அல்ல, பரிதாபத்தோடுதான் கேட்டார்: "ஐயோ அண்ணை, இடக்கையாலயோ சாப்பிடுறியள்?" அந்தோனி தட்டை வைத்துவிட்டு எழுந்தார். அன்றிலிருந்து சாப்பாடு அறைக்குள்ளேதான். மகள் ஜெனிகூடப் பார்க்கக் கூடாது. ஒவ்வொரு நேரமும் சோற்றைக் கொண்டுபோய் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தியது நான்தான். அவருடைய மானத்தைக் காக்கிறேன் என்று நினைத்தேன். ஊரில் இருந்து வாசிப்பவர்கள் என்னைத் திட்டலாம், திட்டுவது சரிதான்.

அடுத்த மாதம் ஜெனிக்குக் கலியாணம். "நான் கோயிலுக்கு வாறன். மண்டபத்துக்கு வரமாட்டன். என்னை விடும்," என்றார். அன்றிரவே முடிவு செய்துவிட்டேன். மகளின் கலியாண மேசையில் தகப்பனின் கதிரை வெறுமையாக இருக்க நான் விடப்போவதில்லை.

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. ஆனால் ஊர் இல்லாத இடத்தில் தொடங்கலாமே! ஹென்டர்சனில் முடியாது, எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் ஒரு தெரிந்த முகம் இருக்கும். எனவே சேலை வாங்க என்று சொல்லி, ரயில் மாறி, நகரத்தின் மறுகோடியில் இருக்கும் ஒடாஹுஹுவுக்கு அவரைக் கூட்டிப்போனேன். ஜெனியின் சட்டை தைக்கக் கொடுத்த நாளில் அங்கே ஒரு கடையைக் கண்டு வைத்திருந்தேன். ஐந்தே மேசை. மலாக்காவிலிருந்து வந்த ஒரு பெரனாக்கன் அம்மா தானே சமைத்துத் தானே பரிமாறுகிறார். பெரனாக்கன் என்றால், பல தலைமுறைக்கு முன் அங்கே வந்திறங்கிய சீனர்கள் அந்த மண்ணில் பெண் எடுத்து, அங்கத்தைய அம்மியையும் புளியையும் தமதாக்கிக்கொண்ட குடும்பங்கள். இவர் அங்கிருந்தும் புறப்பட்டு இங்கே வந்திருக்கிறார். இரண்டு தரம் கடல் கடந்த சமையல்.

அசாம் பெடாஸ் என்ற புளிமீன் குழம்பு வந்தது. மணம் மூக்கில் ஏறியதும் எங்கள் வீட்டு மீன்குழம்புதான் என்று நினைத்தேன். வாயில் வைத்தால் இஞ்சிப்பூ வாசனை குறுக்கே வந்தது. சாடை அப்படியே, ஆள் வேறு. ஒன்றுவிட்ட தங்கச்சி என்று வையுங்கள்.

அந்தோனி தொடவில்லை.

"நீர் சாப்பிடும். எனக்குப் பசியில்லை."

"இஞ்சாருங்கோ, வலக்கையால சாப்பிடேக்க குழம்பு அள்ளிப் போடுறது எந்தக் கை? கரண்டி பிடிக்கிறது எப்பவும் இடக்கைதானே? அது பழகின வேலைதான்."

"அது போடுற கை. தின்னுற கை இல்லை."

வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டிய மனிதர். எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. என்றாலும் எழும்பவில்லை. அவர் சாப்பிடாமல் இந்தக் கதிரையை விட்டு அசைவதில்லை என்று இருந்தேன்.

அந்த அம்மா அடுப்படியிலிருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். முகம் வாட வந்தார். "டூ ஸ்பைசி ஆ, அங்கிள்?" பதிலுக்குக் காத்திராமல் அந்தோனியின் மீன் தட்டை எடுத்துப் போய்விட்டார். நான் எழும்பி விளங்கப்படுத்துவதற்குள் ஒரு முட்டைப் பொரியலோடு திரும்பினார். அது மெனுவில் இல்லாதது, தன் வீட்டில் யாருக்கும் உடம்பு சரியில்லாவிட்டால் செய்வது என்றார்.

அந்தோனி பதறிப்போனார். சமைத்தவளின் மனம் நோகச் சாப்பாட்டைத் திருப்பி அனுப்புவது அவர் வளர்ந்த வீட்டில் பாவம். "நோ, நோ! பிஷ் வெரி குட்!"

அம்மா இடுப்பில் கை வைத்தார். "யூ நெவர் ஈட். ஹவ் யூ நோ?"

எட்டு மாதமாக நான் கெஞ்சியும் கொஞ்சியும் நடக்காதது அந்தக் கேள்வியில் நடந்தது. அந்தோனி மீனைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னார். இடது கையால் கரண்டியை எடுத்தார். அம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் பார்த்தது கையை அல்ல, முகத்தை. நன்றாக இருக்கிறதா என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். இரண்டாம் வாயில் அந்தோனிக்கு முள் வந்தது. கரண்டியை வைத்துவிட்டு, இடது கை விரல்களையே தட்டில் வைத்தார். முள்ளை எடுத்தார். பிறகு அந்த விரல்களாலேயே சோற்றைக் குழைத்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. குழம்பு காரம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

முட்டைப் பொரியலையும் விட்டுவைக்கவில்லை. முடிந்ததும், "கலியாணத்தில எங்கட மேசை எது?" என்றார்.

"முன்மேசை."

"எல்லாரும் பார்க்கப் போகினம்."

"ஓம். பார்க்கட்டும்."

தட்டில் மிஞ்சிய முள்ளை ஓரமாக ஒதுக்கியவர், "மீன் இருக்குமோ?" என்று கேட்டார்.

கை கழுவ எழும்பினார். குழாயைத் திறந்து இடது கையைக் கழுவினார். பிறகு, ஒன்றையுமே தொடாத வலது கையை இடது கையால் தூக்கித் தண்ணீருக்குள் பிடித்து, விரல் விரலாகச் சவர்க்காரம் போட்டுக் கழுவினார். முன்பெல்லாம் மீன் சாப்பிட்ட நாளில் செய்ததுபோல அந்த வலது கையை மூக்கருகே கொண்டுபோய் மணந்து பார்த்தார். குழம்பு மணம் மற்றக் கையில் இருந்தது.