எடைமேடை ஓரத்துக் கடல் கல்

ஓசூரில் நான் வேலை பார்த்த கம்பெனியில் சுண்ணாம்புக் கல்லைச் சூளையில் சுடுவார்கள். சேலம் பக்கத்துக் கல்தான் வழக்கம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தெற்கேயிருந்தும் லாரிகள் வர ஆரம்பித்தன. அந்தக் கல் வெளுப்பாக, எடை குறைவாக, மேலெல்லாம் பூப்பூவாகத் துளை விழுந்திருக்கும். சீக்கிரம் வெந்துவிடுகிறது என்றதும் மேனேஜர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

கல் இறக்கியவர்கள் ஜவளகிரிப் பக்கத்து ஆட்கள். கடலைக் கண்டதில்லை. நான் மாமியார் வீட்டுக்குப் போனபோது கண்டதுண்டு, மேலாக மட்டும். பூ வேலை அழகாக இருந்த ஒரு கல்லை மேஸ்திரி தனியே எடுத்து வைத்தார். "இத மனுசன் செதுக்க முடியுமாப்பா? சாமிக் கல்லு." எடைமேடை ஓரத்தில் நட்டு மஞ்சள் பூசினார்கள். பிறகு அதைக் கும்பிடாமல் யாரும் லோடு இறக்குவதில்லை. நானும் கும்பிட்டேன், வேண்டியது கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம்.

என் மனைவி தூத்துக்குடிப் பக்கத்து மீனவக் குடும்பம். நர்ஸ் வேலைக்கு ஓசூர் வந்தவள். அவள் தம்பி ஒருநாள் பையோடு வந்து நின்றான். "பார்ல மீனே இல்ல அத்தான். ஆறு மாசம் இங்க ஓட்டிட்டு, மீன் பட ஆரம்பிச்சதும் போயிருதேன்." பார் என்றால் மீன் ஒதுங்கிக் குஞ்சு வளர்க்கும் கடலடிக் கல்திட்டு. எங்கள் யார்டிலேயே சேர்த்துவிட்டேன்.

முதல் நாள் மேஸ்திரி அவனைக் கும்பிட அழைத்துப் போனார். அவன் குத்துக்காலிட்டு அந்தக் கல்லைத் தடவினான். திரும்பிக் குவியலைப் பார்த்தான்.

"இது முருகைக்கல்லு, கடலடியில உசிரோட வளருற பவளப் பாறை. எங்க பார்ல ஒடச்சது."

"செருப்பக் கழட்டு தம்பி" என்றார் மேஸ்திரி.

கழற்றினான். சாயங்காலம் வரை லோடு இறக்கினான். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. அவன் நன்றாகச் சாப்பிட்டான். உடைத்தவர்களில் பாதிப் பேர் தன் ஊர்க்காரர்கள், வலையில் ஒன்றும் விழாததால் கடப்பாரை எடுத்தவர்கள் என்றான்.

ஆறு மாதம் ஆறு வருடமாயிற்று. பிறகு கடலோரத்தில் கெடுபிடி கூடி அந்த லாரிகள் நின்றன. என் மனைவிக்குக் கால் தரையில் பாவவில்லை. "இனி ஒடைக்க மாட்டாவல, நீ ஊருக்குப் போ" என்றாள். அவனும் வேலையை விட்டான். பெட்டி கட்டிக்கொண்டிருந்த வாரத்தில் மாமனாரே ஓசூருக்கு வந்துவிட்டார்.

அந்தக் கோடையில் கடல் தண்ணீரில் கை வைத்தாலே சூடு தெரிகிறதாம். உடைபடாமல் மிஞ்சிய பாரெல்லாம் அந்தச் சூட்டில் வெள்ளை வெளேரென்று செத்துக் கிடக்கிறதாம். சொல்லிவிட்டு அவர் தண்ணீர் கேட்டார்.

என் மனைவி அழுதாள். "அதான் லாரி நின்னுபோச்சேல, இன்னும் என்ன?"

அவன் பெட்டியிலிருந்து சட்டையை எடுத்து மறுபடி கொடியில் போட்டான்.

"லாரிய மறிச்சிட்டாவக்கா. வெயில யாரு மறிப்பா?"