பின்னால் நின்று பார்த்தவர்

ஓசூரில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் நான் டிரெய்னியாக இருந்தபோது, அங்கே கம்ப்யூட்டர் சர்வர்களைப் பார்த்துக்கொண்டவர் அவர். மடிப்புக் கலையாத சட்டை, மெல்லிய குரல். யார் கம்ப்யூட்டரில் வேலை செய்தாலும் பின்னால் வந்து நின்று, கண்ணாடியைத் துடைத்தபடியே திரையைப் பார்ப்பார்.

அன்று, நான் மூன்று வாரம் உட்கார்ந்து திருத்திய புரோகிராமைப் பெங்களூர் சர்வருக்கு அனுப்ப வேண்டும். அது ஓடினால் எனக்கு வேலை நிரந்தரம். ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்கு ஃபைலை நகலெடுக்கும் எஸ்சிபி கட்டளையில் எடுக்கும் இடத்தை முதலிலும் சேரும் இடத்தை அடுத்தும் எழுத வேண்டும். பதற்றத்தில் மாற்றி எழுதிவிட்டேன். அது ‘நிச்சயமா?’ என்றெல்லாம் கேட்பதில்லை. அங்கிருந்த பழைய ஃபைல் இங்கே வந்து, என் புதிய ஃபைலை அழித்துவிட்டு அதன் இடத்தில் உட்கார்ந்துவிட்டது.

“பாத்துக்கிட்டுத்தான்பா இருந்தேன்” என்றார் பின்னாலிருந்து.

“எண்டர் தட்டறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்?”

“உங்கப்பா மாங்கா மண்டில மூட்டை தூக்கறாருன்னியே. எந்த லாரில இருந்து எந்த லாரிக்குன்னு அவருக்குக்கூடத் தெரியும் இல்ல?”

பிறகு தன் இடத்துக்குப் போய், காலையிலேயே என் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்து வைத்திருந்த என் புரோகிராமின் நகலைச் சர்வருக்கு அனுப்பினார். மேனேஜரைப் போனில் கூப்பிட்டு, “பையன் அழிச்சுட்டான் சார். நானே புதுசாப் பண்ணி ஏத்திட்டேன்” என்றார். எனக்கு இன்னும் ஆறு மாதம் டிரெய்னிங் நீண்டது.

“டீ சாப்ட வர்றியாப்பா?” என்று கேட்டார். குரலில் கேலியே இல்லை. நானும் எழுந்து அவரோடு போனேன். ஏன் போனேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.