அடுப்புக்கு மேல் தொங்கிய கல்

கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த கல்லுக்குக் கீழே ஒரு அட்டை வைத்திருந்தார்கள். கரி கலந்த விண்கல், குருவிட்டப் பக்கத்து றப்பர் தோட்டம் ஒன்றில் விழுந்தது, விழுந்த வேகத்தில் ஒரு பக்கம் நொறுங்கிப்போனது என்று பேத்தி வாசித்துக் காட்டினாள். பொய் என்று நான் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். காவலுக்கு நின்ற பையன் திரும்பிப் பார்த்தான். எந்த நூதனசாலை என்று சொல்லமாட்டேன். கிழவி கண்ணாடியில் மூக்கை வைத்து நிற்பதைப் பார்த்தும் பாராமல் விட்ட பிள்ளை அவன், அவன் வேலைக்கு என்னால் ஆபத்து வர வேண்டாம். ஆனால் அந்த அட்டை சொன்னது பொய். கல்லின் அந்தப் பக்கம் விழுந்ததில் நொறுங்கவில்லை. தோட்டத்து வரிசை வீடான லயத்தில், எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில், அடுப்புக்கு மேலே, பன்னிரண்டு நாள் தொங்கியபோது போனது.

எனக்கு அப்போது எட்டு வயது. அப்பா பால்வெட்டுக்காரர். காலையில் மரங்களில் கீறிவிட்டு வந்து, பத்து மணிபோலச் சிரட்டைகளில் வடிந்த றப்பர் பாலை வாளியில் சேர்ப்பார். அந்த நேரத்துக்கு நான் ரொட்டி கொண்டுபோவேன். அன்றைக்கு வானத்தில் ஒரு பொட்டு மேகமில்லை. திடீரென்று மூன்று வெடி. தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ரோட்டுப் பாறைக்கு வெடி வைக்கிறார் என்றுதான் நினைத்தோம். பிறகு புதுத் துணியைக் கிழிப்பதுபோல ஒரு சத்தம் தலைக்கு மேலே வந்தது, அவ்வளவுதான், தரை குலுங்கியது. அப்பா நின்ற இடத்துக்கு இரண்டு முழம் தள்ளி முழங்கால் ஆழத்துக்குக் குழி. மரத்திலிருந்து இலை கொட்டுகிறது. அப்பா வாளியைப் போட்டுவிட்டு ஓடுகிறார், திரும்பி வந்து என்னைத் தூக்கிக்கொண்டு மறுபடி ஓடுகிறார். எனக்குப் பாவாடை நனைந்துவிட்டது. இந்த வயதில் அதைச் சொல்ல என்ன வெட்கம்.

முதலில் ஓடி வந்தவர் கணக்கப்பிள்ளை. வந்தவர் குழியைப் பார்க்கவில்லை, கொட்டிக் கிடந்த பாலைத்தான் பார்த்தார். "அடப்பாவி, ஒரு வாளிப் பாலு!" என்று கத்தினார். அப்பா விரலை நீட்டிக் குழியைக் காட்டினார். எட்டிப் பார்த்த கணக்கப்பிள்ளை அப்படியே முட்டி போட்டுக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். அவர் யாரையும் கும்பிட்டு நாங்கள் பார்த்ததே கிடையாது.

கல் இரண்டாகப் பிளந்து கிடந்தது. பெரிய துண்டு தேங்காய் அளவு. மேல்தோல் அடிப்பிடித்த சோற்றுப்பானை மாதிரி கறுத்திருந்தது. உள்ளே கரி, அதில் வெள்ளை வெள்ளையாகப் பொடிப் புள்ளிகள். தொட்டால் விரலில் ஒட்டியது. மண்ணெண்ணெயும் மழை விழுந்த மண்ணும் சேர்ந்தாற்போல ஒரு வாசம். வெயில் உச்சிக்கு ஏறுவதற்குள் லயத்துப் பெண்கள் அதற்குக் குங்குமம் வைத்துவிட்டார்கள். முனியாண்டி சாமி கல்லாக வந்திருக்கிறார், அப்பாவின் தலையில் விழாமல் அவரைக் காப்பாற்றியிருக்கிறார் என்று முடிவாகிவிட்டது. இங்கே விழாமலே வேறு தோட்டத்துக்குப் போயிருக்கலாமே என்று யாரும் சாமியைக் கேட்கவில்லை.

ஒரே ஒரு ஆள்தான் வேறு மாதிரி பேசினார். அம்மாவின் தம்பி, என் மாமா. எங்களோடுதான் இருந்தார். தோட்டத்தில் புல்வெட்டு, லீவு நாளென்றால் குருவிட்டயில் சிங்கள ஆட்களோடு மாணிக்கக் குழிக்குப் போய்விடுவார். எங்கள் பக்கத்தில் குழி வேலை பார்த்தவன் கண்ணில் ஒரு புதுக் கல் பட்டால், கூடையில் போட்டு ஆற்றில் அலசிப் பார்க்காமல் அவனுக்குத் தூக்கம் வராது. மாமாவும் கல்லைச் சுற்றிச் சுற்றி வந்து, "மச்சான், உள்ளுக்கு நீலம் கீலம் இருந்தாலும் இருக்கும். ஒரே ஒருதரம் அலசிப் பாத்துருவமா?" என்றார். "சாமிய அலசுவியாடா நீ?" என்று அப்பா கையை ஓங்கினார். அத்தனை பேரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

துரை குதிரையில் வந்தார். கல்லைப் பார்த்ததும் குதித்து இறங்கினார். சின்னத் துண்டைத் தன் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டார். பெரியதையும் எடுக்கக் குனிந்தபோது பெரிய கங்காணி குறுக்கே வந்து, இன்றைக்கு இதைக் கொண்டுபோனால் நாளைக் காலை வேலைக்குப் பேர் பதிகிற பிரட்டுக்கு ஒரு ஆள் வராது என்று பணிவாகச் சொன்னார். கடைசியில் ஒப்பந்தமானது. பட்டணத்து நூதனசாலைக்காரர் வரும்வரை பெரிய துண்டு லயத்தில் இருக்கட்டும்; கும்பிடுகிறவர்கள் கும்பிடட்டும்; ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீர் படக் கூடாது. அப்படியானால் அபிஷேகம் இல்லை. அதில் பெண்களுக்கு மனக்குறைதான்.

தண்ணீர் படாத இடத்துக்கு எங்கே போவது? குருவிட்டயில் உப்பு வைத்த சட்டிகூட அழுதுகொண்டேதான் இருக்கும். ஈரம் ஏறாத இடம் அடுப்புக்கு மேல் ஒன்றுதான். அப்பா புதுக் கயிற்றில் உறி கட்டி அதில் கல்லை வைத்தார். அதற்கு முன் கணக்கப்பிள்ளை றப்பர் ஷீட் நிறுக்கும் தராசில் அதை நிறுத்தார், ஆறே முக்கால் ராத்தல். அப்பாவிடம் கைநாட்டு வாங்கினார்கள். ஒரு துளி குறைந்தாலும் பத்துச்சீட்டு என்று துரை சொன்னார். பத்துச்சீட்டு என்றால் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு தோட்டத்தை விட்டு நடக்க வேண்டும். அம்மாவுக்கு அப்போது ஏழு மாதம். வேறெந்தத் தோட்டம் எங்களைச் சேர்க்கும்?

அம்மாவைத் தோட்டத்து மருந்துக்காரர் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லியிருந்தார். நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கும், முகம் வேறு வெளுத்துப்போய் இருந்தது. பகல் முழுக்க அடுப்படியில்தான் இருப்பாள். சாமிக்குக் காவலாக வாயும் வயிறுமாக ஒரு சுமங்கலி இருக்கிறாள் என்று லயத்தில் எல்லோருக்கும் திருப்தி.

ஆறாம் நாள் அப்பா வழக்கம்போல உறிக்குள் கை விட்டுத் தடவிப் பார்த்தார். தடவிய கை அப்படியே நின்றது. பிளந்த பக்கத்தில் ஒரு குழி, என் உள்ளங்கை அடங்கும் அளவுக்கு. அப்பா விறகுக்கட்டையை எடுத்தார், வாசலில் உட்கார்ந்திருந்த மாமாவின் முதுகில் போட்டார். மாமா அலறிக்கொண்டு எழுந்தார். "நான் தொடல மச்சான்! எங்கக்கா மேல ஆணையா நான் தொடல!" லயமே கூடிவிட்டது. கங்காணி வந்து, அடித்தால் உண்மை வராது, கற்பூரம் அணைக்கச் சொல் என்றார். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்வது எங்களுக்குக் கோர்ட்டுக்கு மேலே. பொய்ச்சத்தியம் செய்தவன் வம்சமே விளங்காது என்று அதில் எங்களுக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை.

உறிக்குக் கீழே வெற்றிலையில் கற்பூரம் ஏற்றினார்கள். முதலில் மாமா. கை துளிகூட நடுங்காமல் அடித்து அணைத்தார். பிறகு அப்பா, பிறகு நான். உள்ளங்கை சுட்டது. அடுத்த காம்பரா ஆட்களும் வரிசையாக வந்து அணைத்தார்கள். அம்மாவும் எழுந்து வந்தாள். கங்காணி கையைக் காட்டித் தடுத்துவிட்டார். வயிற்றுப்பிள்ளைக்காரி சத்தியம் செய்யக் கூடாது, அது பிள்ளைமேல் போகும் என்பது வழக்கம். அம்மா மறுபடி அடுப்படியில் போய் உட்கார்ந்தாள். எல்லோரும் சத்தியம் செய்தாகிவிட்டது, யாரும் எடுக்கவில்லை, அப்படியென்றால் சாமி தானாகவே கொஞ்சம் கொஞ்சமாக வானத்துக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறார் என்று கங்காணி தீர்ப்புச் சொன்னார். இதைத் துரையிடம் யார் சொல்வது என்று யாருக்கும் தெரியவில்லை.

மறுநாள் விறகு பொறுக்கப் போன நான் காலில் முள் குத்திப் பாதியில் திரும்பி வந்தேன். காம்பராவுக்குள் கறக், கறக் என்று சத்தம். எலியென்று நினைத்து மெதுவாக எட்டிப் பார்த்தேன். அம்மா மணையின் மேல் ஏறி நிற்கிறாள். ஒரு கை வயிற்றைத் தாங்கியிருக்கிறது. மற்றக் கை உறிக்குள். நகத்தால் சுரண்டுகிறாள், சுரண்டியதை நாக்கில் வைக்கிறாள், கண்ணை மூடிக்கொள்கிறாள். ஐயோ, அந்த முகத்தை எப்படிச் சொல்வேன்! அத்தனை நிம்மதியை அம்மாவின் முகத்தில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

விறகுச் சுள்ளி என் கையிலிருந்து விழுந்தது. அம்மா திரும்பினாள். உதட்டில் கறுப்பு. அடிப்பாள் என்று நினைத்தேன், அடிக்கவில்லை. மெதுவாக மணையைவிட்டு இறங்கி, முந்தானையால் வாயைத் துடைத்தாள். "நாக்கு கேக்குது புள்ள," என்றாள். "நான் என்ன செய்யட்டும்?"

அம்மா சாமியைத் தின்கிறாள். பொழுது சாய்வதற்குள் அவள் செத்துப்போவாள் என்று நினைத்து, முந்தானையைப் பிடித்துக்கொண்டு அவளை விட்டு நகராமல் திரிந்தேன். அவள் சாகவில்லை. இரவுச் சோறாக்கினாள். மறுநாளும் சாகவில்லை. கல்தான் குறைந்துகொண்டு போயிற்று. நான் ஒருவரிடமும் மூச்சுவிடவில்லை.

பன்னிரண்டாம் நாள் துரையும் நூதனசாலைக்காரரும் வந்தார்கள். மூக்குக்கண்ணாடி போட்ட மெலிந்த வெள்ளைக்காரர். ஒரு தகரப்பெட்டியில் பஞ்சு வைத்துக் கொண்டுவந்திருந்தார். அதே தராசு, அதே கணக்கப்பிள்ளை. ஆறு ராத்தல். முக்கால் ராத்தல் குறைந்திருந்தது. சாமி தானாகக் குறைந்துவிட்டார் என்று கங்காணி ஆரம்பித்தார், துரை போட்ட சத்தத்தில் அவர் நாலு அடி பின்னால் போனார். துரை அப்பாவைப் பார்த்து, நாளைக்குள் பெண்டாட்டி பிள்ளையோடு வெளியே போ என்றார். அம்மா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் ஒரு அடி முன்னால் வைத்ததை நான் பார்த்தேன். மாமாவும் பார்த்தார்.

"நான்தாங்க தொர எடுத்தேன்," என்றார் மாமா. "மாணிக்கம் இருக்கும்னு சொரண்டிச் சொரண்டிக் கொண்டுபோயி ஆத்துல அலசினேங்க. ஒண்ணுமில்ல. சேறாக் கரைஞ்சு ஓடிருச்சு."

கணக்கப்பிள்ளை இதை இங்கிலீஷில் சொன்னார். நூதனசாலைக்காரர் தலையை ஆட்டினார். ஆமாம், இந்த வகைக் கல் தண்ணீர் பட்டால் கரைந்துதான் போகும், இவன் சொல்வது சரி என்றார். அதோடு துரைக்குச் சந்தேகம் தீர்ந்தது. அப்பாவுக்கு மன்னிப்பு, மாமாவுக்கு அந்த நிமிடமே பத்துச்சீட்டு.

துரை போனதும்தான் லயத்து ஆட்கள் வாயைத் திறந்தார்கள். திருட்டைவிடப் பெரியது அவர்களுக்குச் சத்தியம். கற்பூரத்தை அணைத்துவிட்டுப் பொய் சொன்ன கையென்று பெண்கள் மண்ணை வாரித் தூற்றினார்கள். இனி என் வாசலை மிதிக்காதே என்றார் அப்பா. தண்ணீர் கேட்டார் மாமா, ஒருவரும் கொடுக்கவில்லை. அம்மா உள்ளே போய் அடுப்பின் முன் உட்கார்ந்தாள். அழவில்லை. வயிற்றின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் முதல் பிள்ளை வயிற்றிலிருந்தபோது ஒரு டாக்டர் என் கண்ணிமையை இழுத்துப் பார்த்து, மண் தின்கிறாயா என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சுவரைச் சுரண்டித் தின்றுகொண்டுதான் இருந்தேன். ரத்தம் இல்லாத உடம்பு அப்படித்தான் கேட்கும், இரும்புச் சத்து வேண்டும் என்று மருந்து எழுதினார். அந்த மேசையின் முன்னாலேயே நான் ஓவென்று அழுதேன். டாக்டர் பயந்துபோனார். மாமா அப்போது எங்கே இருந்தார், உயிரோடு இருந்தாரா என்றே தெரியாது. கொடகவெலப் பக்கம் ஒரு மாணிக்கக் குழியில் வேலை பார்க்கக் கண்டதாக யாரோ சொன்னது, அத்தோடு சரி. அம்மா அவர் பேச்சை எடுத்ததே இல்லை. எனக்குத் தம்பி பிறந்தான், நன்றாக வளர்ந்தான்.

எட்டு வயதில் எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? மாமா துணிமூட்டையோடு றப்பர் மரங்களுக்கு நடுவே இறங்கிப் போவதைப் பார்த்துப் பின்னாலேயே ஓடினேன். பாசத்தில் ஓடவில்லை. ஒரு விசயம் எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. ரோட்டுக்குப் போகிற மரப்பாலத்தில் அவரைப் பிடித்துவிட்டேன்.

"மாமா, நீங்களும் தின்னீங்களா?"

மாமா சட்டென்று நின்றார். தலையிலிருந்த மண்ணைத் தட்டிவிடக்கூட இல்லை. என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் தூரத்தில் தெரிந்த லயத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து என் காதருகே வந்தார்.

"ஆமா தாயி. உங்கம்மா தின்னது ஒரு நகக்கண்ணு அளவுதான். மிச்சம் பூராவும் நாந்தான் தின்னேன். நீ யாருகிட்டயும் சொல்லிப்புடாத."

நான் நம்பினேன். சாமியின் கண் இனி அம்மாமேல் விழாது, எல்லாம் மாமாவோடு போய்விடும் என்று எனக்கு உயிர் வந்தது. லயத்துக்குத் திரும்பி ஓடும்போதுதான் அவர்மேல் அப்படியொரு கோபம் வந்தது. அவ்வளவு பெரிய கல்லில், நாக்கு கேட்கிறது என்று தவித்த அம்மாவுக்கு ஒரு நகக்கண் அளவை மட்டும் விட்டுவிட்டு, மீதி எல்லாவற்றையும் தானே தின்றிருக்கிறாரே, இந்த மாமா!