அதிக நாள் படுத்து எழுந்த ஊர்

அந்தப் பெண் எங்கள் வீட்டுப் படியேறியபோது எனக்கு இத்தா முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கணவர் மவுத்தான பிறகு நாலு மாதம் பத்து நாள் வீட்டை விட்டு வெளியேறாமல் இருந்துவிட்டு, அப்போதுதான் வாசல் கதவைத் திறந்துவைக்கப் பழகியிருந்தேன். வெளியே சாரல் பெய்துகொண்டிருந்தது. நனைந்த துப்பட்டாவைப் பிழிந்துகொண்டு நின்றவளைப் பார்த்து எதிர்வீட்டு லாத்தா, "அருவிக்குப் போறவ வழி தப்பி வந்துட்டாளாக்கும்னு நெனச்சேன்" என்று சொல்லிச் சிரித்தாள். லாத்தா எனக்குச் சொந்தமில்லை. வயதில் மூத்தவள் என்பதால் அக்கா முறைவைத்து அப்படிக் கூப்பிடுவேன்.

வந்தவள் கடையம் பக்கம், விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. என் மகளைவிட நாலைந்து வயது மூத்திருப்பாள். கையில் ஒரு டேப் வைத்திருந்தாள். சென்னையிலிருந்து கணக்கெடுக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றாள். சிவகிரிப் பக்கம், கடையம் பக்கம், தென்காசிப் பக்கம் என்று தனித்தனியாக, அறுபது வயது ஆவதற்குள் புற்றுநோய் வந்தவர்களை எழுதுகிறார்களாம். உழைக்கிற வயதில் உள்ளவர்களுக்கு எந்தப் பக்கம் அதிகம் வருகிறது, எந்தப் பக்கம் குறைவு என்று அதை வைத்துப் பார்ப்பார்களாம்.

"பாத்து என்னம்மா செய்யப் போறாங்க?" என்று கேட்டேன்.

"இங்கன கூடுதல்னு தெரிஞ்சா, டெஸ்ட் எடுக்குத மெஷினை இங்கனயே கொண்டு வரச் சொல்லலாம்க்கா. திருநெல்வேலிக்கும் திருவனந்தபுரத்துக்கும் அலைய வேண்டாம்லா."

அலைந்த எனக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. கணவர் வயதைக் கேட்டாள், நாற்பத்தொன்பது என்றேன். என்ன இடத்தில் என்றாள், உணவுக்குழாய் என்றேன். எத்தனை வருஷமாக இந்த ஊரில் இருந்தார் என்று கேட்டாள். யோசிக்கவே இல்லை. "பொறந்ததுல இருந்து இங்கனதான்" என்றேன். அவள் விரலால் தட்டிப் பதிந்துகொண்டாள்.

நான் பொய் சொல்வதாக அந்த நேரம் எனக்குத் தோன்றவில்லை. எங்கள் தெருவில் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். ரேஷன் கார்டில் அவர் பெயர் இருக்கிறது. பள்ளிவாசல் ஜமாஅத் புத்தகத்தில் இருக்கிறது. வாக்காளர் பட்டியலில் இருக்கிறது. அவர் சவுதியில் வேலையில் இருந்தாலும் வீட்டில் யார் யார் என்று கேட்டால் நாலு பேர் என்றுதான் சொல்லுவேன். மூன்று பேர் என்று ஒரு நாளும் வாயில் வந்ததில்லை. போயிருக்கிறவர் போயிருக்கிறார், இருப்பது இங்கேதான் என்று நினைத்தே காலம் போய்விட்டது.

கல்யாணம் முடிந்து மூன்றாம் மாதம் விமானம் ஏறினார். அங்கே ஒரு லாண்டரியில் வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு மாத லீவு. மகள் பிறந்து பதினான்காவது மாதம் முதல் தடவை அவளைத் தூக்கினார். அவள் வீறிட்டு அழுததும் என்னிடம் கொடுத்துவிட்டு, "ஏட்டி, நம்மளைத் திருடன்னு நெனைக்குதா" என்று சிரித்தார். தினமும் வீடியோவில் பேசுவோம். ஆனால் அவர் சாப்பிடுவதை நான் பார்த்ததில்லை. பேசி முடித்துவிட்டுத்தான் சாப்பிடுவார். ஒரு வாய் சோற்றை விழுங்க எத்தனை நேரம் ஆகிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?

கடைசியாக அவர் வந்தது போன வருஷம் நோன்பு மாதத்தில், பதிமூன்றாம் நோன்பு அன்று. மெலிந்திருந்தார். அங்கத்திய சாப்பாடு பிடிக்கவில்லை என்றார். பதினேழு நோன்பு வீட்டில் வைத்தார். நோன்பு திறக்கிறபோது வடை, சமோசா எதையும் தொடமாட்டார். கஞ்சியை மட்டும் இரண்டு மூன்று கிண்ணம் குடிப்பார். விடியுமுன் சஹருக்கு எழுப்பினால் பாலும் நன்றாகக் கனிந்த பழமும் போதும் என்பார். எனக்கு எத்தனை பெருமை! என் கஞ்சிக்கு அவ்வளவு ஏங்கியிருக்கிறார் என்று நினைத்தேன். பள்ளிவாசல் கஞ்சி வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தினமும் அஸர் தொழுதுவிட்டு நானே வைத்தேன். லாத்தாவிடம், "அவுகளுக்கு எங்கஞ்சி இருந்தா வேற எதுவும் வேண்டாம்" என்று சொன்னேன். "கஞ்சியைக் குடுத்தே மயக்கி வச்சிருக்கே" என்று லாத்தா கேலி செய்ய, வெட்கப்பட்டுச் சிரித்தேன். சோறு இறங்காத மனிதர் கஞ்சி குடித்து உயிர் பிடித்துக்கொண்டிருந்தார். நான் அதை என் கைப்பக்குவம் என்று நினைத்தேன். இதற்காக என் ரப்பிடம் எத்தனையோ முறை அழுதுவிட்டேன். அறியாமல் செய்ததை அவன் மன்னிப்பான். எனக்குத்தான் ஆறவில்லை.

பெருநாள் முடிந்து பிள்ளைகள் குற்றாலம் போக வேண்டும் என்றார்கள். சீசன் இல்லாத சித்திரை மாதம். ஐந்தருவியில் தண்ணீர் சுவரை நனைக்கிற மாதிரி வழிந்துகொண்டிருந்தது, கூட்டமே இல்லை. மகன் வாப்பாவின் தலையைப் பிடித்து அந்தத் தண்ணீரில் காட்டினான். "இதுக்கு வீட்டுல குழாயைத் திறந்துவிட்டு நின்னிருக்கலாம்லே" என்றார் அவர். திரும்பும் வழியில், செங்கோட்டைப் பக்கம் பார்டர் கடையில் பரோட்டா சாப்பிட இறங்கினோம். லீவுக்கு வந்தால் ஒரு நாளாவது அங்கே சாப்பிடாமல் போகமாட்டார். அன்றைக்கு இரண்டு வாய் உண்டார். மூன்றாவது வாயில் கண் சிவந்து, நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு எழுந்துவிட்டார். நான் பின்னால் ஓடினேன். கை கழுவுகிற இடத்தில் குனிந்தார், போனது எல்லாம் அப்படியே திரும்பி வந்தது. "ரெண்டு மாசமா இப்படித்தான் இருக்கு, பிள்ளைங்கள்ட்ட சொல்லாத" என்றார். வெளியே வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "காரம் கூடிட்டு" என்று பிள்ளைகளிடம் சொன்னார்.

மறுநாளே ஆஸ்பத்திரியில் தொண்டை வழியே குழாய் விட்டுப் பார்த்தார்கள். வந்திறங்கி இருபத்தாறாவது நாள் அவருக்கு என்ன நோய் என்று தெரிந்தது.

பிறகு திருநெல்வேலி, அதற்குப் பிறகு திருவனந்தபுரம். விசா முடிந்தது. வயிற்றில் குழாய் வைத்து, அதன் வழியாக நான் அரைத்துக் கரைத்துக் கொடுத்ததை ஊற்றினோம். எதனால் வந்தது என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அங்கே உள்ள சூடு, துணி வெளுக்கிற மருந்து, இங்கே உள்ள தண்ணீர். டாக்டரிடம் கேட்டதற்கு, ஒருத்தருக்கு இதனால்தான் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். அவரோ யாரையும் எதையும் குறை சொல்லவில்லை. மகன் தூக்கத்தில் பேசுவான் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. வலி தாங்காமல் விழித்துக் கிடந்தவர், காலையில் என்னிடம், "உம்மவன் கணக்குப் பாடம் ஒப்பிக்குதான்ட்டி" என்று அதை அதிசயம்போல் சொன்னார். அடுத்த நோன்புக்குப் பிறை பார்க்க எட்டு நாள் இருக்கும்போது அல்லாஹ் அவரை எடுத்துக்கொண்டான்.

அன்று அந்தப் பெண் எங்கள் வீட்டை முடித்துக்கொண்டு லாத்தா வீட்டுக்குப் போனாள். நானும் கூடவே போனேன். லாத்தாவின் தம்பி துபாயில் இருந்தார். அவருக்கு ஈரலில் வந்தது. நாற்பத்து மூன்று வயதில் மவுத்தாகிவிட்டார். லாத்தாதான் தாய்போல வளர்த்தவள். எத்தனை வருஷமாக இங்கே இருந்தார் என்று பெண் கேட்கவும், "இருந்தாருன்னா என்னம்மா அர்த்தம்?" என்று லாத்தா சந்தேகமாகக் கேட்டாள்.

"வருஷத்துல கூடுதலான நாளு எங்க படுத்து எந்திரிச்சாங்களோ, அதான்க்கா அவங்க ஊரு. நோய் கண்டுபிடிக்குததுக்கு முன்னால ஒரு வருஷமாவது இங்கன இருந்திருக்கணும். வேற இடத்துல இருந்தவங்களை இங்கன சேர்த்தா, இந்த ஊரு கணக்கு தப்பாப் போயிரும்."

லாத்தா கண்ணைச் சிமிட்டாமல், "இங்கனதான் இருந்தான்" என்றாள்.

நான் சொன்னதும் தப்பு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவளை நான் குறை சொல்லவில்லை. என் பதிலையும் நான் அங்கேயே திருத்தியிருக்கலாம்.

பெண் போனதும், நாம் சொன்னது பொய், திருத்திவிடுவோம் என்று லாத்தாவிடம் சொன்னேன்.

"ஏட்டி, ஊர்க்காரனுக்கு ஊர்ல இடமில்லைன்னு எவ சொல்லுதா?" என்றாள். "அந்த நாட்டுக்காரன் இவனை எழுதவா போறான்? நாமளும் எழுதலைன்னா, ஒரு மனுஷன் எங்கயுமே இல்லாமலா போவான்? மெஷின் வந்தா நாளைக்கு எத்தனை பேரு பொழைப்பான். நீ பேசாம இரு."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால்தான் மூன்று நாள் பேசாமல் இருந்தேன். ஆனால் தொழுகையில் நிற்க முடியவில்லை. சலாம் கொடுக்க வலது தோள் பக்கம் திரும்பும்போதும் இடது தோள் பக்கம் திரும்பும்போதும், அங்கே இருந்து நன்மை தீமை எழுதுகிற மலக்குகள் இதையும் எழுதியிருப்பார்கள் என்ற நினைப்பு. அவருக்காக துஆ கேட்கக் கையேந்தினால், அவரைப் பற்றிச் சொன்ன பொய் முன்னால் வந்து நின்றது. தெரியாமல் சொன்னது முதல் நாளோடு போயிற்று. தெரிந்த பிறகு வைத்துக்கொண்டிருப்பது வேறு.

நாலாவது நாள், அடுத்த தெரு அங்கன்வாடியில் அந்தப் பெண் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டுப் போனேன். இத்தாவுக்குப் பிறகு நான் தனியாக நடந்தது அதுதான் முதல் தடவை. அவள் டிபன் பாக்ஸைத் திறந்துவைத்துக்கொண்டிருந்தாள். மூடிவிட்டு, உட்காருங்கள் என்றாள்.

எல்லாம் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. வருஷம் வருஷமாகக் கேட்டு விரல்விட்டு எண்ணினாள். இருபத்தோரு வருஷக் கல்யாண வாழ்க்கையில் அவர் ஊரில் இருந்த லீவு மாதங்களைக் கூட்டினால் இரண்டு வருஷம்கூட வரவில்லை. நான் அதுவரை கூட்டிப் பார்த்ததே இல்லை. பார்க்காமலே இருந்திருக்கலாம்.

"கடைசில பதினோரு மாசம் சேர்ந்தாப்புல இங்கனதானே இருந்தாக?" என்றேன். "ஒரு நாள்கூட எங்கயும் போகலை. ஆஸ்பத்திரிக்குப் போனாலும் நான் கூடவே இருந்தேன்."

"அது கண்டுபிடிச்சதுக்குப் பொறவுக்கா. அதைக் கணக்குல எடுக்க மாட்டாங்க. முன்னால உள்ளது இருபத்தாறு நாளுதான்."

அவர் எங்களோடு தொடர்ந்து இருந்ததே அந்தப் பதினோரு மாதம்தான். மகன் வாப்பாவோடு மழைக்காலத்தையும் பனிக்காலத்தையும் ஒன்றாகப் பார்த்தது அந்த ஒரு தடவைதான். நோய் வந்துதான் எனக்கு வீட்டுக்காரர் வீட்டில் கிடைத்தார். அது கணக்கில் வராது என்கிறாள். அவள் மேல் தப்பில்லை. அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது அப்படி.

"அப்பம் அந்த நாட்டுக் கணக்குல வருவாகளா?"

"அங்க வச்சுக் கண்டுபிடிச்சிருந்தா வந்திருக்கலாம். தெரியலக்கா."

கணக்கிலிருந்து அவர் பெயரை எடுக்கும்போது டேப்பை என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு செய்தாள். ஒளித்துச் செய்ய அவளுக்கு மனம் வரவில்லை போலும். ஒரு கேள்வி கேட்டது, ஆம் என்று தொட்டாள், வரிசையில் அவருக்கு மேலே இருந்தவரும் கீழே இருந்தவரும் ஒட்டிக்கொண்டார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வரவில்லை. அவர் மையத்தை அடக்கம் செய்யத் தூக்கிக்கொண்டு போனபோது வாசல்வரைதான் நான் போனேன். அன்றைக்கு நின்ற மாதிரியே இருந்தது.

நான் நினைத்துப் பார்க்காத ஒன்று அதற்கப்புறம் நடந்தது. மறுநாள் அந்தப் பெண் எங்கள் தெருவுக்கு வந்து, முதல் வீட்டிலிருந்து மறுபடியும் கேட்டுக்கொண்டே வந்தாள். பாஸ்போர்ட்டைக் காட்டச் சொன்னாள். லாத்தாவின் தம்பியோடு இன்னும் இரண்டு பேர் கணக்கிலிருந்து போனார்கள். நான் உண்மை சொன்னால் என் வீட்டு உண்மை மட்டும்தான் வெளியே வரும் என்று நினைத்திருந்தேன்.

அன்று சாயங்காலம் லாத்தா என் வாசலுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை.

"நீ உம் புருஷனை அழிச்சே, அது உம்பாடு. என் தம்பியை ஏன்ட்டி அழிச்சே?"

கேட்டுவிட்டுப் போய்விட்டாள். பதினாறு வருஷமாக எங்கள் இரண்டு வீட்டுக் கதவும் எதிரெதிரே திறந்தே கிடக்கும். அவள் கதவு எட்டு நாள் சாத்திக் கிடந்தது. துணி காயப்போட வந்தால் முதுகைக் காட்டிக்கொண்டு போட்டாள். செய்தது சரிதானா என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டேன். பொய் சொல்லாமல் இருந்ததற்காக வருத்தப்படவில்லை. ஆனால் மனது லேசாகும் என்று நினைத்தேனே, அது நடக்கவில்லை.

ஒன்பதாவது நாள் லுஹர் தொழுதுவிட்டுத் தொழுகைப் பாயை மடித்துக்கொண்டிருந்தேன். லாத்தா தானாகவே உள்ளே வந்து சுவரோரம் உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பிறகு அவள் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"உன் வீட்டுக்காரரு கடைசில எத்தனை நாளுட்டி இங்கன இருந்தாரு?"

"பதினோரு மாசம் லாத்தா."

தலையை ஆட்டிக்கொண்டாள். துப்பட்டா முனையை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

"எந்தம்பி நாப்பது நாளு" என்றாள். "அதுல பாதி ஆஸ்பத்திரில போயிட்டு."