வயிற்றுப்பிள்ளைக்காரிக்குக் கொயினா

கண்டிப் பக்கத்து வத்தேகமையில் றலியாவின் கைபடாமல் பிறந்த பிள்ளை அபூர்வம். மருத்துவிச்சி என்றால் அவள்தான். பிரசவ அறைக்குள் அவள் நுழைந்துவிட்டால் வீட்டு ஆண்கள் வாயை மூடிக்கொண்டு முற்றத்தில் நிற்பார்கள். பொல்லாத வாய், நோகாத கை.

வயிற்றுப்பிள்ளைக்காரி, மலேரியாக் காய்ச்சலுக்குக் கொடுக்கும் கொயினா மருந்தைக் குடிக்கக் கூடாது, குடித்தால் கரு கலையும் என்பது அவள் வைத்த சட்டம். அதை அவளுக்குச் சொன்னது யார் என்று அவளுக்கே நினைவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்துநாலாம் ஆண்டு மழை பொய்த்து, ஆறு குட்டை குட்டையாகத் தேங்கி, நுளம்பு பெருகி, மலேரியா வீடுவீடாகப் புகுந்தபோதும் அவள் சட்டத்தைத் தளர்த்தவில்லை. அவள் பேச்சைக் கேட்டுக் கொயினாவைச் சாக்கடைக் கானில் ஊற்றிய கர்ப்பிணிகள் இரண்டு பேர் வயிற்றுப் பிள்ளையோடு மௌத்தானார்கள். இரண்டு சாவையும் "நஸீபு", தலைவிதி என்றாள் றலியா. சொன்னாளே தவிர, அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நோன்பு மாதத்தில்தான் அவளுடைய ஒரே மகள் றமீலாவுக்கு, ஏழு மாத வயிற்றோடு, குளிர்காய்ச்சல் கண்டது. இரண்டாம் முறை குளிர் வந்தபோது றமீலாவுக்குத் தாயையே அடையாளம் தெரியவில்லை. யாழ்ப்பாணத்துக்காரர், ஊர் மருந்துச்சாலை அப்போத்திக்கரி வீரசிங்கம் கொயினாப் போத்தலோடு வந்து வாசலில் நின்றார்.

"குடுத்தா புள்ள தங்குமா?" என்று கேட்டாள் றலியா.

"தெரியாது. காய்ச்சலே பிள்ளையைக் கலைச்சுப் போடும். குடுக்காட்டில் தாயும் தப்பமாட்டா."

"தங்குமென்டு ஒரு சொல் செல்லுங்களே, ஐயா."

"பொய் சொல்ல மாட்டன், அம்மா."

ஒரு பொய் சொன்னால் இந்த மனிதருக்கு என்ன குறைந்துவிடும் என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. போத்தலை வாங்கிக்கொண்டு மகளின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். இதைத் தன் மகளுக்குக் கொடுத்தால், அந்த இரண்டு பெண்களைச் சாகவிட்டது தான்தான் என்றாகிவிடும். கொடுக்காவிட்டால் மகள் இல்லை. றமீலாவின் தலையை நிமிர்த்திப் புகட்டினாள்.

காய்ச்சல் இறங்கியது. பிள்ளை இறந்தே பிறந்தது. ஏந்தி எடுத்ததும் றலியாவின் கைதான்.

ஊர் சும்மா இருக்குமா? மருத்துவிச்சியே கொயினா கொடுத்துப் பேரனைக் கொன்றாள் என்று நாக்கில் நரம்பில்லாமல் பேசியது. அதற்குள் அடுத்த ஒழுங்கையில் ஸக்கியாவின் மருமகள், அவளும் நிறைவயிற்றுக்காரி, காய்ச்சலில் விழுந்துவிட்டாள். றலியா போத்தலை எடுத்துக்கொண்டு போனாள். ஸக்கியா கதவில் குறுக்கே கையை வைத்து மறித்தாள்.

"நீங்கதானே ராத்தா வாணாமென்டு சென்ன. ஒங்கட பேரனுக்கு என்ன நடந்த?"

"நான் சென்னது புழ. அந்த ரெண்டு புள்ளைகளும் என்ட வாயாலதான் மௌத்தான."

வாழ்நாளில் ஒருபோதும் தோற்றுப் பேசாதவள் அதைச் சொல்லிவிட்டு அழுதாள். ஸக்கியாவின் கை அசையவில்லை.

"மாமி, நான் உசிரோட ஈக்கிறன்."

பின்னால் வேலியைப் பிடித்துக்கொண்டு றமீலா நின்றாள். பிரசவித்து நாற்பது நாள் கழியாமல் வீட்டு வாசல் தாண்டக் கூடாதவள், யாரிடமும் சொல்லாமல் எழுந்து வந்திருந்தாள். குடிக்கப் பிள்ளையில்லாத பால் சட்டையை நனைத்திருந்தது. ஸக்கியா அந்த ஈரத்தைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். பிறகு கதவிலிருந்து கையை எடுத்துவிட்டு, கரண்டி எடுத்துவர உள்ளே போனாள்.