வேஷ்டியில் விழுந்த 795

“கரண்டியெல்லாம் வாயில வெக்க முடியாது பாய். எச்சில்!”

காண்ட்ராக்டர் சௌரிராஜன் இப்படிச் சொன்னதும் நீட்டிய கரண்டியை அவசரமாகப் பின்னால் இழுத்துக்கொண்டேன். ஸ்ரீரங்கத்தில் பாதிக் கல்யாணங்களுக்கு அவர் சமையல்தான். எங்கள் காபிப்பொடிக் கடையே அவரை நம்பி இருந்தது. அவர் கை விட்டால் வறுப்பதற்கு ஆள் தேவையில்லை, அந்த ஆள் நான்.

முதலாளி வரதன் பெங்களூரில் காபி ருசி பார்க்க ஏதோ பயிற்சி எடுத்துவிட்டு வந்திருந்தார். அராபிகா காபியில் நான்கு வகைகளை மேஜையில் வைத்து, “கரண்டியில எடுத்து உறிஞ்சணும் மாமா, சத்தம் வரணும், அப்புறம் துப்பணும்” என்றார்.

“எங்காத்துல சத்தம் போட்டு உறிஞ்சினா அடி விழும். டம்ளர்ல கொடுங்கோ.”

வடிகட்டிக் கொடுத்தேன். அண்ணாந்து ஊற்றிக்கொண்டார்.

முதலில் டிப்பிகா. “சாது. இருக்கற இடமே தெரியல.” அடுத்தது போர்பன். “வெல்லம் போட்டேளா?” மூன்றாவது கேஷா. கண்ணைத் திறந்தார். “மல்லிப்பூ! பூக்கட்டறவாளை யார் இங்க விட்டது?” கடைசியாக நம் நாட்டு வகையான செலக்‌ஷன் 795. “ஏலக்காய். பட்டையும் இருக்கு.”

அவர் சொன்ன நான்கும் முதலாளி பெங்களூரிலிருந்து கொண்டுவந்த ருசி அட்டையில் உள்ளபடியே. முதலாளிக்குப் பொறுக்கவில்லை. தன் வித்தையைக் காட்ட 795-ஐக் கரண்டியில் எடுத்து விசில் மாதிரி உறிஞ்சினார். புரையேறியது. அத்தனையும் காண்ட்ராக்டரின் வெள்ளை வேஷ்டியில்!

“துப்பணும்னு சொன்னார், துப்பிட்டார்” என்று சொல்லிவிட்டு அவர் ஆட்டோ ஏறிப் போய்விட்டார். முதலாளி என்னைப் பார்த்தார். நான் வறுக்கும் எந்திரத்தைப் பார்த்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஒரு மணி நேரத்தில் காண்ட்ராக்டர் வீட்டில் குளித்துவிட்டுத் திரும்பி வந்தார், நெற்றியில் புதுத் திருமண்.

“பாய், இவர் துப்பினது எது?”

“795ங்க.”

“இனிமே கல்யாணங்களுக்கு அதையே போடுங்கோ. ஆத்துக்குப் போற வழியெல்லாம் வேஷ்டி வாசனைக்கு ஆட்டோக்காரன் திரும்பித் திரும்பிப் பார்த்து, ‘சாமி, எந்தக் கடை காபி?’ன்னு கேக்கறான். மத்த மூணையும் நான்தான் நாக்குல தேடினேன். இது தானா ஆளைத் தேடிண்டு போறது.”

காபி வறுக்கக் கற்க வந்திருக்கும் தம்பிகளா, ருசி அட்டை பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் இன்றும் புது வறுவல் வந்தால் சட்டையில் கொஞ்சம் டிக்காஷன் தெளித்துக்கொண்டு ஆட்டோ ஸ்டாண்டில் போய் நிற்கிறேன். ஒருவராவது திரும்பிப் பார்த்தால்தான் அந்த வறுவலை விற்பனைக்கு மூட்டை கட்டுவேன். வீட்டில்தான் தினமும் சட்டைக்குத் திட்டு.